எலக்ட்ரான் முதல் தாலந்து வரை: துகள்களின் நிறையைப் பண்டைய கிரேக்க எடைகளில் எழுதுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அலகு மாற்றம் கற்பிக்கும்போது, எலக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களின் நிறையைத் திராக்மா, மினா, தாலந்து ஆகிய பண்டைய கிரேக்க அலகுகளில் எழுதச் சொல்லும் பயிற்சி ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே ஐயங்கள் ஏறத்தாழ அதே சொற்களில் எழுகின்றன. மாணவர்களின் பெற்றோரும் சில வேளை கேட்கிறார்கள். அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். வேறாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், திராக்மா என்பது ஏதென்ஸ் நகரின் 4.3 கிராம் திராக்மாவையே குறிக்கும்.

எலக்ட்ரானை யாராவது திராக்மாவில் அளப்பார்களா? எதற்காக இந்தக் கணக்கு?

எந்த ஆய்வகத்திலும் அப்படி அளப்பதில்லை. ஆனால் இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே 28 பத்தடுக்குகள் இடைவெளி இருப்பதால், அடுக்குக்குறிகளைக் கையாள்வதில் உள்ள எந்தத் தடுமாற்றமும் இந்தப் பயிற்சியில் உடனே வெளிப்பட்டுவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. எலக்ட்ரானின் நிறை ஏறத்தாழப் பத்து இலக்கங்கள் வரை துல்லியமாகத் தெரிந்த அளவு. திராக்மாவோ, மண்ணிலிருந்து எடுத்த நாணயங்களையும் எடைக்கற்களையும் நிறுத்துப் பார்த்து நாம் மீட்டெடுத்த அளவு. இவ்வளவு துல்லியமான ஓர் எண்ணை இவ்வளவு நெகிழ்வான ஓர் எண்ணால் வகுக்கும்போது வரும் விடையில் எத்தனை இலக்கங்களை நம்பலாம் என்று முடிவு செய்யக் கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு திராக்மா எத்தனை கிராம்? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே.

ஏதென்ஸின் திராக்மா ஏறத்தாழ 4.3 கிராம். பழைய நூல் எதுவும் இதை நமக்குக் கிராமில் சொல்லவில்லை. எஞ்சியிருக்கும் வெள்ளி நாணயங்களை நிறுத்தே இதை அறிகிறோம். ஒரு பக்கம் அதீனா தெய்வத்தின் தலையும் மறுபக்கம் ஆந்தையும் பொறித்த நான்கு திராக்மா நாணயமாகிய டெட்ராதிராக்மா, நல்ல நிலையில் இருந்தால் 17.2 கிராம் அளவில் நிற்கும். அதை நான்கால் வகுத்தால் 4.3. சில நூல்கள் 4.36 என்றும் எழுதுகின்றன. தேய்மானத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் அந்த வேறுபாடு. ஏதென்ஸுக்கு வெளியே போனால் எண்ணே மாறிவிடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

திராக்மா என்ற சொல்லுக்குக் 'கைப்பிடி' என்பது பொருள். அதைவிடச் சிறிய அலகாகிய ஓபோலின் பெயர் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. ஒரு கைப்பிடிக்குள் ஆறு கம்பிகள் அடங்கும் என்பதே ஒரு திராக்மாவுக்கு ஆறு ஓபோல் என்ற கணக்கின் மூலம் என்று கிரேக்கர்களே விளக்கினார்கள். ஆர்கோஸ் நகருக்கு அருகிலுள்ள ஹீரா கோயிலில் அத்தகைய இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று அகழாய்வில் கிடைத்திருக்கிறது.

ஓபோல், மினா, தாலந்து: இவற்றின் வரிசையைச் சொல்லுங்கள்.

ஏதென்ஸ் முறையில் 8 கால்க்கூஸ் ஓர் ஓபோல்; 6 ஓபோல் ஒரு திராக்மா; 100 திராக்மா ஒரு மினா; 60 மினா ஒரு தாலந்து. ஆகவே ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா அல்லது 36,000 ஓபோல். கிராமில் எழுதினால் கால்க்கூஸ் 0.09, ஓபோல் 0.72, மினா 430 கிராம், தாலந்து 25.8 கிலோகிராம். அறுபதின் பெருக்கம் மெசபொத்தேமியாவிலிருந்து வந்தது. மினா என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே.

மாணவர்கள் அதிகம் தவறுவது ஓபோலில்தான். மற்ற இடங்களில் பத்தின் பெருக்கங்களுக்குப் பழகிய கை, இங்கே ஆறால் வகுக்க வேண்டிய இடத்திலும் பத்தால் வகுத்துவிடுகிறது.

கண்ணுக்கே தெரியாத துகளை எப்படி எடை போட்டார்கள்?

தராசில் வைத்து அல்ல. 1897-இல் ஜே. ஜே. தாம்சன், மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் கதிர் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். 1909-இல் தொடங்கிய எண்ணெய்த் துளி ஆய்வுகளில் ராபர்ட் மில்லிகன் மின்னூட்டத்தைத் தனியாக அளந்தார். விகிதமும் மின்னூட்டமும் தெரிந்தால் நிறை தானே கிடைத்துவிடும்.

இன்று மின்னூட்டம் கொண்ட ஒற்றைத் துகளைக் காந்தப்புலத்தில் சிறைபிடித்து, அது சுற்றும் அதிர்வெண்ணை மற்றொரு துகளின் அதிர்வெண்ணோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பீட்டில் கிடைக்கும் விகிதங்கள் மிகத் துல்லியமானவை. அவற்றைக் கிலோகிராமுக்குக் கொண்டுவரும் வழியும், 2019 மே 20 அன்று பிளாங்க் மாறிலிக்கு நிலையான மதிப்பு கொடுத்துக் கிலோகிராமை வரையறுத்த பிறகு மேலும் உறுதியானது. அதற்கு முன் கிலோகிராம் என்பது பாரிஸுக்கு அருகே செவ்ரில் காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறையாக இருந்தது. ஏதென்ஸும் தன் அரசு எடைக்கற்களை அப்படித்தான் காத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, ஓர் எலக்ட்ரான் எத்தனை திராக்மா? படிப்படியாகச் செய்து காட்டுங்கள்.

எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். திராக்மா 4.3 கிராம், அதாவது 4.3 × 10⁻³ கிலோகிராம். எண்களைத் தனியாக வகுங்கள்: 9.109 ÷ 4.3 = 2.12. அடுக்குகளைத் தனியாகக் கழியுங்கள்: −31 இலிருந்து −3 ஐக் கழித்தால் −28. விடை 2.12 × 10⁻²⁸ திராக்மா.

நான் திருத்தும் தாள்களில் பத்தில் நான்கில் 10⁻³¹ என்றே விடை இருக்கும். கிலோகிராமில் உள்ள எண்ணை நேரடியாக 4.3 ஆல் வகுத்துவிட்டார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். வகுப்பதற்கு முன் இரண்டு எண்களின் கீழும் அலகை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிழை நின்றுவிடும்.

இதையே ஓபோலில் வேண்டுமென்றால் ஆறால் பெருக்குங்கள்: 1.27 × 10⁻²⁷ ஓபோல். தாலந்தில் வேண்டுமென்றால் 6,000 ஆல் வகுங்கள்: 3.53 × 10⁻³² தாலந்து. அலகு சிறிதானால் எண் பெரிதாக வேண்டும், அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும். விடை இதற்கு மாறாக வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.

புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் ஒரே விடை வருகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே நிறையா?

இல்லை. புரோட்டான் 1.6726 × 10⁻²⁷ கிலோகிராம், நியூட்ரான் 1.6749 × 10⁻²⁷ கிலோகிராம். நியூட்ரான் 0.14 சதவீதம் கனமானது. தனித்து விடப்பட்ட நியூட்ரான் சிதைந்து புரோட்டானாக மாறுவதற்கு இந்தச் சிறு வேறுபாடே இடம் தருகிறது. ஆனால் திராக்மாவை நாம் இரண்டு இலக்கங்களுக்குத்தான் அறிவோம். ஆகவே இரண்டும் 3.9 × 10⁻²⁵ திராக்மா என்றே வரும். அளவுகோல் தடிமனானது, அதனால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். புரோட்டானின் நிறையை எலக்ட்ரானின் நிறையால் வகுத்தால் வரும் 1836.15 என்ற எண், கிராமில் செய்தாலும் எந்த ஊர்த் திராக்மாவில் செய்தாலும் மாறாது. விகிதத்தில் அலகு அடிபட்டுப் போய்விடுகிறது.

திருப்பிக் கேட்டால்? ஒரு தாலந்தில் எத்தனை எலக்ட்ரான்?

முந்தைய விடையைத் தலைகீழாக்கினால் போதும்: 25.8 ஐ 9.109 × 10⁻³¹ ஆல் வகுத்தால் 2.8 × 10³¹. ஒரு தாலந்து நிறையைத் திரட்ட இத்தனை எலக்ட்ரான்கள் வேண்டும். புரோட்டான்கள் என்றால் 1.5 × 10²⁸ போதும். கி.மு. 431-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிகிளீஸ் நகரின் செல்வத்தை எடுத்துரைத்தபோது, அதீனா சிலையின் மேலிருந்த, தேவைப்பட்டால் கழற்றி எடுக்கக்கூடிய தங்கம் 40 தாலந்து என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடஸ் எழுதுகிறார். அது ஏறத்தாழ 1,030 கிலோகிராம். 6 × 10²⁹ புரோட்டான்களின் நிறைக்குச் சமம்.

இங்கே கேட்கப்படுவது 'இத்தனை எலக்ட்ரான்களின் மொத்த நிறை ஒரு தாலந்து' என்பதுதான். 'ஒரு தாலந்து வெள்ளிக்குள் இத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன' என்று இதைப் படித்துவிடக் கூடாது. அது வேறு கேள்வி, அதற்கான விடை கடைசியில் இருக்கிறது.

இயற்பியல் நூல்களில் துகளின் நிறையை மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் போடுகிறார்கள். அதை எப்படித் திராக்மா ஆக்குவது?

மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் அலகு. ஆற்றலை ஒளியின் திசைவேகத்தின் இருமடியால் வகுத்தால் நிறை. ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஈடான நிறை 1.7827 × 10⁻³⁰ கிலோகிராம். அதைத் திராக்மாவால் வகுத்தால் 4.15 × 10⁻²⁸. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தத் துகளையும் ஒரே பெருக்கலில் மாற்றலாம். எலக்ட்ரான் 0.511, எனவே 2.12 × 10⁻²⁸. மேலே கண்ட அதே விடை. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகளாகிய மியூவான் 105.66, எனவே 4.4 × 10⁻²⁶ திராக்மா. ஏறத்தாழ 1,25,000 மெகா எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஹிக்ஸ் போசான் 5.2 × 10⁻²³ திராக்மா.

இணைய மாற்றியில் மியூவானை டெட்ராதிராக்மாவுக்கு மாற்றினால் 1.38 × 10⁻²⁶ வருகிறது. நீங்கள் சொன்ன 4.3 ஐ வைத்துச் செய்தால் 1.10 × 10⁻²⁶. யார் செய்தது தவறு?

கணக்கில் யாரும் தவறவில்லை. இருவரும் வெவ்வேறு திராக்மாவை எடுத்திருக்கிறீர்கள். பல மாற்றிகள் 'விவிலியக் கிரேக்கம்' என்ற தலைப்பின் கீழ் இந்த அலகுகளைத் தருகின்றன. அங்கே திராக்மா 3.4 கிராம், டெட்ராதிராக்மா 13.6 கிராம், மினா 340 கிராம், தாலந்து 20.4 கிலோகிராம். மியூவானின் நிறையாகிய 1.8835 × 10⁻²⁸ கிலோகிராமை 0.0136 ஆல் வகுத்தால் முதல் விடை, 0.0172 ஆல் வகுத்தால் இரண்டாவது. இடையே 26 சதவீத வேறுபாடு.

3.4 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ரோமப் பேரரசுக் காலத்துக்குப் பொருந்தும் அளவு. அக்காலத்தில் திராக்மாவை ரோமர்களின் தெனாரியஸ் நாணயத்துக்கு இணையாக எண்ணும் வழக்கம் பரவியிருந்தது. கி.பி. 64 அளவில் பேரரசர் நீரோ தெனாரியஸின் எடையைக் குறைத்து, ஒரு ரோம ராத்தலுக்கு 96 நாணயம் என்று ஆக்கினார். ரோம ராத்தல் சுமார் 327 கிராம்; அதை 96 ஆல் வகுத்தால் 3.4. ஆக, மாற்றி தருவது பெரிகிளீஸ் காலத்து ஆந்தை நாணயத்துக்கு ஐந்து நூற்றாண்டு பிந்திய அளவு. பெட்டியில் 'கிரேக்கம்' என்று எழுதியிருப்பதாலேயே அதை எல்லாக் காலத்துக்கும் உரியதாகக் கொள்வதுதான் பிழை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொகுக்கத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். மாற்றி காட்டும் நீண்ட இலக்க வரிசையைக் கண்டு, தங்கள் சரியான விடையை அடித்துவிட்டு அதை எழுதிய மாணவர்கள் பலர்.

வேதாகமத்தில் படிக்கும் தாலந்தும் இதே தாலந்துதானா?

அதே சொல்தான். மத்தேயு 25-ஆம் அதிகாரத்து உவமையில் ஐந்து, இரண்டு, ஒன்று என்று ஊழியரிடம் ஒப்படைக்கப்படும் தாலந்து, கிரேக்க மூலத்தில் 'தாலந்தோன்' என்ற சொல். தமிழ் மொழிபெயர்ப்பு அதை ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டது. லூக்கா 19-ஆம் அதிகாரத்து உவமையில் மூலத்தில் உள்ள மினாவையோ, தமிழ் வாசகருக்குப் பழக்கமான 'ராத்தல்' என்று மொழிபெயர்த்தார்கள். அதனால் தமிழில் மட்டும் படிப்பவர்களுக்குத் தாலந்தும் ராத்தலும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, அந்த 'ராத்தல்' அறுபது சேர்ந்ததுதான் ஒரு தாலந்து என்பது தெரியாமல் போகிறது.

அந்த உவமைகளில் தாலந்து என்பது எடையை விட 6,000 திராக்மா பணத்தொகையையே முதலில் குறிக்கிறது. அதை எடையாக மாற்ற விரும்பினால், முந்தைய விடையில் சொன்ன இரண்டு அளவுகளில் எதைக் கொள்கிறீர்கள் என்று எழுதிவிட்டு மாற்றுங்கள்.

ஏதென்ஸை விட்டுவிட்டால் வேறு திராக்மா உண்டா?

பல உண்டு. ஏஜினா தீவின் ஆமை பொறித்த இரட்டைத் திராக்மா 12.2 கிராம் அளவில் இருந்தது. எனவே அதன் திராக்மா 6.1 கிராம். கொரிந்து நகரின் பறக்கும் குதிரை பொறித்த ஸ்டேட்டர் என்ற நாணயம் 8.6 கிராம், ஏதென்ஸின் இரண்டு திராக்மாவுக்குச் சமம். ஆனால் கொரிந்தியர் அதை மூன்றாகப் பிரித்தார்கள், ஆதலால் அவர்களின் திராக்மா 2.9 கிராம்தான்.

ஒரே எலக்ட்ரான் ஏஜினாவில் 1.5 × 10⁻²⁸, ஏதென்ஸில் 2.1 × 10⁻²⁸, கொரிந்தில் 3.2 × 10⁻²⁸ திராக்மா. கப்பலில் ஒரு நாளுக்குள் போய்விடக்கூடிய ஊர்களுக்கு இடையே விடை இரு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஊர் பெயர் எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை என்பதன் காரணம் இதுவே.

டிராம் என்று ஓர் அலகு இருக்கிறதே, அது திராக்மாதானா?

பெயர் அதிலிருந்து வந்தது; அளவு வேறு. பழைய ஆங்கில மருந்துக்கடை முறையில் டிராம் 3.89 கிராம், சாதாரண ஆங்கில முறையில் 1.77 கிராம். இந்தக் கணக்கில் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. 2002 வரை கிரீஸில் புழங்கிய திராக்மா நாணயமும் பண அலகே, எடை அலகு அன்று.

ஏதென்ஸுக்குள்ளேயாவது ஒரே மினாதானே?

அதுவும் இல்லை. நாணயத்துக்கு ஒரு மினா, சந்தைக்கு ஒரு மினா என்று இரண்டு இருந்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஏதென்ஸ் கல்வெட்டு ஆணை ஒன்று, வணிக மினா 138 நாணயத் திராக்மா எடை இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 138 ஐ 4.3 ஆல் பெருக்கினால் 593 கிராம். நாணய மினாவை விட 38 சதவீதம் கூடுதல். ஒரு நாணய மினாவுக்கு 2.6 × 10²⁶ புரோட்டான் என்றால், வணிக மினாவுக்கு 3.5 × 10²⁶.

அதே ஆணை, முறையான எடைகளும் அளவைகளும் தோலோஸ் என்ற வட்டக் கட்டடத்திலும் பிரேயஸ் துறைமுகத்திலும் அருகிலுள்ள எலூசிஸ் ஊரிலும் பொது அடிமைகளின் பொறுப்பில் காக்கப்பட வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, நகருக்கு ஐவர், துறைமுகத்துக்கு ஐவர் என்று பத்து அளவை மேற்பார்வையாளர்கள் குலுக்கல் முறையில் நியமிக்கப்பட்டார்கள். செவ்ரின் உருளைக்கு இருந்த காவலுக்கு இது குறைந்ததன்று.

அவ்வளவு கவனமாகக் காத்தார்கள் என்றால் அந்த எடைக்கற்களை நிறுத்துத் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாமே?

நிறுத்திருக்கிறார்கள். ஏதென்ஸின் பொதுச் சதுக்கமாகிய அகோராவில் தோலோஸ் அருகே கிடைத்த, கி.மு. 500 அளவிலான மூன்று வெண்கல எடைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் உருவம் புடைத்து நிற்கிறது: ஸ்டேட்டருக்கு ஆட்டுக் கணுக்கால் எலும்பு, கால் ஸ்டேட்டருக்குக் கேடயம், ஆறில் ஒரு பங்குக்கு ஆமை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எது எது என்று அடையாளம் காணலாம். இவை ஏதெனியரின் பொதுவுடைமை என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள ஸ்டேட்டர் வணிக எடை. மேலே கண்ட நாணய ஸ்டேட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவற்றின் எடை முறையே 795, 190, 126 கிராம். 795 இன் காற்பங்கு 198.75 இருக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு 132.5 இருக்க வேண்டும். கையிலிருக்கும் சிறிய எடைகள் இரண்டும் நான்கு, ஐந்து சதவீதம் குறைவு. சிறியவற்றிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் ஸ்டேட்டர் 760 என்றும் 756 என்றும் வருகிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, பெரியதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மண்ணில் கிடந்த உலோகம் அரிக்கப்பட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், அரசு முத்திரை கொண்ட ஒரே தொகுதிக்குள் இவ்வளவு இடைவெளி உண்டு என்பதை மறக்கக் கூடாது. சந்தையில் வெங்காயம் நிறுக்க இது போதும். எலக்ட்ரானுக்கு எட்டு இலக்க விடை எழுத இது போதாது.

அப்படியானால் விடையில் எத்தனை இலக்கம் எழுதலாம்?

இரண்டு. வகுத்தலில் விடையின் முக்கிய எண்ணுருக்கள், கொடுக்கப்பட்டவற்றுள் குறைந்த எண்ணுருக்கள் கொண்டதைத் தாண்டக் கூடாது என்ற பாடநூல் விதியே போதும். 4.3 க்குப் பதில் 4.36 எடுத்தால் எலக்ட்ரான் 2.12 இலிருந்து 2.09 ஆகிறது, இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் இரண்டும் 2.1. இந்தப் பக்கத்தில் சில இடங்களில் மூன்றாம் இலக்கத்தை எழுதியிருப்பது, நீங்கள் செய்து பார்க்கும்போது ஒப்பிட வசதியாக இருக்கும் என்பதற்காகவே.

திராக்மா எடை அலகு, எலக்ட்ரானுக்கு இருப்பது நிறை. எடையையும் நிறையையும் மாற்றலாமா?

நல்ல கேள்வி. எடை என்பது புவியீர்ப்பு விசை. இடத்துக்கு இடம் சற்று மாறும். ஆனால் கிரேக்கர் பயன்படுத்தியது இரு தட்டுத் தராசு. அதில் சரக்கின் மேலும் எடைக்கல்லின் மேலும் ஒரே ஈர்ப்பு செயல்படுவதால், சமநிலை காட்டுவது நிறைகளின் சமத்தையே. அந்தத் தராசை ஒலிம்பஸ் மலை உச்சிக்குக் கொண்டுபோனாலும் முடிவு மாறாது. ஆகவே திராக்மாவை நிறை அலகாகக் கொள்வதில் தடையில்லை. தாலந்து என்ற சொல்லே முதலில் தராசைக் குறித்ததுதான்.

வேகமாகப் போகும் புரோட்டானின் நிறை கூடுமாமே? அப்போது எத்தனை திராக்மா?

ஜெனீவா அருகேயுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியில் புரோட்டான்கள் 6.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை முடுக்கப்படுகின்றன. இது அவற்றின் ஓய்வுநிலை ஆற்றலைப் போல் ஏறத்தாழ 7,250 மடங்கு. அந்த ஆற்றலுக்கு ஈடான அளவை எழுதினால் 2.8 × 10⁻²¹ திராக்மா. ஆனால் இன்றைய இயற்பியலில் நிறை என்றால் ஓய்வுநிலை நிறைதான். அது வேகத்தோடு மாறுவதில்லை. பயிற்சித் தாளில் 3.9 × 10⁻²⁵ என்றே எழுதுங்கள்.

ஃபோட்டான், நியூட்ரினோ, குவார்க் இவற்றுக்கும் செய்யலாமா?

ஃபோட்டானுக்கு நிறை இல்லை. எந்த அலகிலும் பூஜ்ஜியம். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு, ஆனால் இன்னும் மேல் வரம்பு மட்டுமே அளக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரில் டிரிட்டியச் சிதைவை ஆராயும் காட்ரின் சோதனை 2025-இல் அந்த வரம்பை 0.45 எலக்ட்ரான் வோல்ட் என்று வெளியிட்டது. அது 1.9 × 10⁻³⁴ திராக்மா. 'இதைவிடக் குறைவு' என்ற சொல்லைச் சேர்க்காமல் இந்த எண்ணை எழுதக் கூடாது.

குவார்க்கில் ஒரு பொறி இருக்கிறது. புரோட்டானுக்குள் இருக்கும் இரண்டு மேல் குவார்க்குகள், ஒரு கீழ் குவார்க் ஆகியவற்றின் நிறையைக் கூட்டினால் சுமார் 9 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான் வரும், புரோட்டானோ 938. உறுப்புகளை ஓபோல் ஓபோலாகக் கூட்டி முழுத் திராக்மாவைப் பெறும் வழி இங்கே செல்லாது, ஏனெனில் புரோட்டான் நிறையின் பெரும்பகுதி குவார்க்குகளையும் குளுவான்களையும் உள்ளே அடைத்துவைத்திருக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது.

லெப்டான் என்பது கிரேக்கக் காசு என்கிறார்கள், துகள் என்றும் சொல்கிறார்கள். ஒரு லெப்டானை இன்னொரு லெப்டானாக மாற்ற முடியுமா?

இரண்டும் ஒரே சொல். 'மெல்லியது, சிறியது' என்று பொருள். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இடும் இரண்டு காசுகள் கிரேக்க மூலத்தில் லெப்டான்களே. இயற்பியலில் எலக்ட்ரான், மியூவான் வகைத் துகள்களுக்கு இப்பெயரை 1948-இல் லியோன் ரோசன்ஃபெல்ட் முன்மொழிந்தார். அன்று தெரிந்த லெப்டான்கள் எல்லாம் புரோட்டானை விட லேசானவை. பிறகு 1970-களில் கண்டறியப்பட்ட டௌ லெப்டான் புரோட்டானைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமானது, 7.4 × 10⁻²⁵ திராக்மா. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மாற்றத்தைப் பொறுத்தவரை, காசாகிய லெப்டான் மதிப்பைக் குறிக்கும் சிறு செப்புக் காசு. ஒரே அச்சில் அடித்தவையே எடையில் வெகுவாக வேறுபடும். அதைக் கொண்டு எடை மாற்றம் செய்ய வேண்டாம். கிராம் என்ற சொல் மட்டும், இரண்டு ஓபோல் அளவான 'கிராம்மா' என்ற பிற்காலக் கிரேக்க எடையின் பெயரிலிருந்து நம்மிடம் வந்தது.

கடைசியாக: ஒரு வெள்ளித் திராக்மா காசுக்குள் உண்மையில் எத்தனை புரோட்டான் இருக்கிறது? 4.3 கிராமைப் புரோட்டானின் நிறையால் வகுத்தால் போதாதா?

போதாது. அப்படி வகுத்தால் 2.571 × 10²⁴ வரும். அது புரோட்டானால் மட்டுமே ஆன கற்பனைக் குவியல். காசு தூய வெள்ளி என்றும் சரியாக 4.3 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். (இங்கே 4.3 நாமே நிர்ணயித்த எண்ணாதலால் கூடுதல் இலக்கங்கள் எழுதலாம்.) வெள்ளியின் அணு நிறை 107.87, அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் காசில் 2.40 × 10²² அணுக்கள். ஒவ்வொன்றிலும் 47 புரோட்டான், ஆக 1.13 × 10²⁴ புரோட்டான்களும் அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்களும். இயற்கை வெள்ளி 107, 109 என்ற இரு ஐசோடோப்புகளின் கலவை. சராசரியாக அணுவுக்கு 60.96 நியூட்ரான் என்று கொண்டால் 1.46 × 10²⁴ நியூட்ரான்கள். எலக்ட்ரான்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே ஒரு மில்லிகிராம்தான்.

இப்போது இந்தத் துகள்களின் தனித்தனி நிறைகளைக் கூட்டிப் பாருங்கள். 4.30 வராது; 4.34 கிராம் வரும். கூட்டலில் பிழை இல்லை. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவாகச் சேரும்போது வெளியேறிய பிணைப்பு ஆற்றலுக்கு ஈடான நிறை குறைந்திருக்கிறது. அதைப் பாடநூல் நிறை குறைபாடு என்கிறது. வெள்ளிக்கு அது 0.9 சதவீதம். ஏதென்ஸ் நாணயச்சாலையில் அடித்த ஒரு திராக்மாவை முழுவதும் பிரித்துத் தனித்தனித் துகள்களாக ஆக்க முடிந்தால், அந்தக் குவியல் காசை விட 39 மில்லிகிராம் கூடுதலாக இருக்கும். கிரேக்க அலகில் சொன்னால் அரைக் கால்க்கூஸுக்குச் சற்றுக் குறைவு. ஏதென்ஸ் அடித்த மிகச் சிறிய வெள்ளிக் காசு ஓர் ஓபோலில் எட்டில் ஒரு பங்கு, 0.09 கிராம், கடைக்குப் போகிறவர்கள் அத்தகைய சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு போவார்கள் என்று அக்கால நகைச்சுவை நாடகங்கள் காட்டுகின்றன. நாம் தேடிய அந்தக் குறைபாடு அதில் பாதிகூட இல்லை; ஆனாலும் இன்றைய பள்ளி ஆய்வகத் தராசு அந்த அளவைத் தடுமாறாமல் காட்டிவிடும்.